டைனாபீட்ஸ் ரி கலத் தூண்டி: கிழக்கின் வெக்கையில் காசுக்குப் பெறுமதியா?

சின்னப் போத்தல். உள்ளே 0.4 மில்லிலீற்றர், நுண்ணிய காந்த மணிகள் மிதக்கும் கபில நிறத் தொங்கல். மில்லிலீற்றர் கணக்கில் பார்த்தால் ஆய்வுகூடப் பிரிஜில் இருப்பவற்றில் விலை கூடியவற்றில் இதுவும் ஒன்று. ‘டைனாபீட்ஸ் ஹியூமன் ரி-அக்டிவேற்றர் சிடி3/சிடி28’ என்பது முழுப்பெயர். மனிதக் குருதியிலிருந்து எடுத்த ரி கலங்களை, அதாவது நிர்ப்பீடனத்துக்கான ஒருவகை வெண்குழியங்களை, தட்டி எழுப்பி, வளர்ப்பு ஊடகத்தில் பெருகவைப்பது இதன் வேலை. கிழக்கிலங்கையில், வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ நிர்ப்பீடனவியல் ஆய்வுக்குத் திட்டம் எழுதுகிறவர்கள் இதை வாங்கலாமா, இல்லை அவரை விதையிலிருந்து எடுக்கும் பழைய தூண்டியான பிஎச்ஏயிலேயே ஓட்டிவிடலாமா என்பதுதான் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். கலங்கள் பிரிந்தால் போதும், என்ன கலம், எந்த நிலையில் என்ற கவலை இல்லை என்றால் இது வேண்டாம். பிஎச்ஏ போதும், விலையும் பல மடங்கு குறைவு. தூண்டலின் அளவை நீங்களே தீர்மானிக்க வேண்டும், வேண்டிய நாளில் அதை நிறுத்தவும் வேண்டும் என்றால் வாங்குங்கள். காசு போவது அந்த நிறுத்தும் வசதிக்குத்தான். எழுப்பிவிடுவதைப் பல பொருட்கள் செய்யும்.

மணிக்குள் என்ன

நோர்வேயைச் சேர்ந்த யோன் உகெல்ஸ்டாட் 1970களில், எல்லாம் ஒரே அளவாக அமையும் பொலிஸ்ரைரீன் மணிகளைச் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். டைனாபீட்ஸ் அந்த வழியில் வந்தது. இந்தப் பொருளில் மணியின் விட்டம் 4.5 மைக்ரோமீற்றர். ஓய்வில் இருக்கும் ரி கலம் 7 மைக்ரோமீற்றர் அளவு என்பதால் இரண்டும் ஏறக்குறைய சோடிப் பொருத்தம். மணிக்குள் இரும்பு ஒட்சைட்டு இருக்கிறது. காந்தத்தின் அருகே வைத்தால் ஓடிவந்து ஒட்டும், எடுத்துவிட்டால் காந்தத்தன்மை தங்காது, ஆகவே மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிபடாது. மேற்பரப்பில் இரண்டு பிறபொருளெதிரிகள் பூசியிருக்கின்றன: ஒன்று சிடி3ஐப் பிடிக்கும், மற்றது சிடி28ஐ.

இரண்டு எதற்கு? சிடி3 என்பது ரி கலத்தின் பிறபொருளெதிரியாக்கி வாங்கியோடு சேர்ந்து நிற்கும் புரதத் தொகுதி. அதைப் பல இடத்தில் ஒன்றாக இழுத்துப் பிடித்தால் உள்ளே முதற் சைகை கிளம்பும். கலத்துக்குள் கல்சியம் ஏறும், கல்சினியூரின் என்ற நொதியம் உசாராகும், என்எப்ஏடி என்ற புரதம் கருவுக்குள் போகும். இந்த ஒரு சைகையை மட்டும் கொடுத்து விட்டுவிட்டால் கலம் பெருகாமல் முடங்கிப்போகலாம், பிறகு சரியாகத் தூண்டினாலும் எழும்பாது. சிடி28 தருவது இரண்டாவது சைகை. மரபணுக்களை இயக்கும் என்எப்-கப்பாபி, ஏபி-1 ஆகிய புரதங்கள் வலுப்பட்டு, என்எப்ஏடியோடு சேர்ந்து, ரி கலத்தைப் பெருகவைக்கும் சைகைப் புரதமான ஐஎல்-2இன் மரபணுவைத் திறப்பது இரண்டும் கூடி வரும்போதுதான் உருப்படியாக நடக்கும். உடலில் இந்த இரண்டாவது சைகையைத் தருவது கிளைக்கலங்கள். இங்கே மணி அந்த இடத்தில் நிற்கிறது.

பலர் கவனிக்காமல் விடும் நன்மை ஒன்று இதில் இருக்கிறது. தூண்டப்பட்ட ரி கலம் ஓரிரு நாளில் சிடிஎல்ஏ-4 என்ற பிரேக்கையும் வெளியே எடுக்கும். உடலில் சிடி28 பிடிக்கும் அதே சிடி80, சிடி86 புரதங்களைச் சிடிஎல்ஏ-4 இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வதால் பெருக்கம் அடங்கும். மணியில் இருப்பது சிடி80 அல்ல, சிடி28ஐ மட்டும் பிடிக்கும் பிறபொருளெதிரி. ஆகவே மணி அந்தப் பிரேக்கை மிதிப்பதில்லை. தூய ரி கலத்தில் மணியால் கிடைக்கும் பெருக்கம் நாட்கணக்கில் நீள்வதற்கு இது ஒரு காரணம். ஆனால் பிரித்தெடுக்காத ஒற்றைக்கருக் கலக்கூட்டத்தை அப்படியே போட்டால் அதில் உள்ள மொனோசைட்டும் பி கலமும் சிடி80, சிடி86 வைத்திருக்கும், பிரேக்கும் ஓரளவு வேலை செய்யும். ஒரே மணி, ஒரே அளவு, இரு ஆய்வுகூடங்களில் இரு முடிவு என்று வரும் வாக்குவாதங்களில் பாதி இதனால் வருபவை.

ஐஎல்-2 வெளியே வந்தபின் அதைப் பிடிக்க சிடி25 என்ற வாங்கி வேண்டும். ஓய்வில் இருக்கும் பெரும்பாலான ரி கலங்களில் அது இல்லை. தூண்டிய சில மணித்தியாலத்தில் சிடி69 என்ற தூண்டல் அடையாளம் தெரியும், ஒரு நாளில் சிடி25 நன்றாக ஏறும், அதன்பிறகுதான் கலம் சிறு அளவு ஐஎல்-2க்கும் பதில் சொல்லும். தூண்டாத கலத்தின் மேல் ஐஎல்-2 ஊற்றிவிட்டு ஏன் பெருகவில்லை என்று கேட்பதில் பயனில்லை. கூடுதல் அளவில் ஊற்றினால் வேறொன்று நடக்கும்: சிடி25 இல்லாமலே ஐஎல்-2ஐ ஓரளவு பிடிக்கும் என்கே கலங்கள் என்ற வேறு வகை வெண்குழியங்கள் கிளம்பிவிடும், இரண்டு வாரம் கழித்து உங்கள் ‘ரி கல’ வளர்ப்பில் பாதி ரி கலமாக இராது.

போடும் முறை

மணித் தொங்கலில் ஒரு மில்லிலீற்றருக்கு 40 மில்லியன் மணிகள். ஒரு மில்லியன் ரி கலத்துக்கு 25 மைக்ரோலீற்றர் எடுத்தால் ஒரு கலத்துக்கு ஒரு மணி. 96 குழித் தட்டில் குழிக்கு 80,000 கலம், 100 முதல் 200 மைக்ரோலீற்றர் ஊடகம், 2 மைக்ரோலீற்றர் மணி. 0.4 மில்லிலீற்றர்ப் போத்தலில் இப்படி 200 குழி போடலாம். இளங்கலை மாணவர் இரண்டு மூன்று பேரின் ஆய்வுக்கு அது தாராளம். 2 மில்லிலீற்றர்ப் போத்தல் விலைப் பட்டியலில் ஆசை காட்டும், ஆனால் முடிப்பதற்குள் திகதி முடிந்துவிடும்.

எடுப்பதற்கு முன் போத்தலை அரை நிமிடத்துக்கு மேல் சுழற்றிக் கலக்க வேண்டும். இதைச் சடங்கு மாதிரிச் செய்யக்கூடாது. இந்த மணிகள் கனமானவை, அடியில் இறங்க அதிக நேரம் எடுக்காது. தட்டில் 60 குழிக்குப் போடும்போது முதற் குழிக்கும் கடைசிக் குழிக்கும் இடையில் பத்து நிமிடம் போனால், முதலாவதற்கு ஒரு விகிதம், கடைசிக்கு வேறு விகிதம். ஒவ்வொரு நிரைக்கும் ஒருமுறை மேலும் கீழும் உறிஞ்சிவிட்டுத் தொடருங்கள். 2 மைக்ரோலீற்றரை நேரே அளப்பதை விட, தேவையான மணியை மொத்தமாக ஊடகத்தில் ஐதாக்கி குழிக்கு 50 மைக்ரோலீற்றர் போடுவது நல்லது. பழைய பிப்பெட்டில் 2 மைக்ரோலீற்றர் என்பது நம்பிக்கையின் பேரில் நடக்கும் காரியம்.

பாவிக்கும் முன் கழுவ வேண்டும்: எடுத்த அளவை 1 மில்லிலீற்றர் தாங்கற் கரைசலில், அதாவது 0.1 சதவீதம் பிஎஸ்ஏ (மாட்டு அல்புமின் புரதம்) சேர்த்த பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில், கலக்கிக் காந்தத்தில் ஒரு நிமிடம் வைத்து, தெளிந்த நீரை எடுத்துவிட்டு, பழைய கனவளவுக்கே ஊடகம் விட வேண்டும். காந்தம் போத்தலோடு வராது. தனியாக வாங்க வேண்டும், அதற்கும் நல்ல விலை. ஓர்டர் போடுகிறவர்கள் மறப்பது இதைத்தான்.

ஊடகம் ஆர்பிஎம்ஐ 1640, வெப்பத்தில் செயலிழக்கச் செய்த கன்றுச் சீரம் 10 சதவீதம், குளூற்றமின் 2 மில்லிமோலர், பெனிசிலின் 100 அலகும் ஸ்ரெப்ரோமைசின் 100 மைக்ரோகிராமும் ஒரு மில்லிலீற்றருக்கு. ஐஎல்-2 மில்லிலீற்றருக்கு 30 அலகு. கல அடர்த்தி மில்லிலீற்றருக்கு 1 முதல் 1.5 மில்லியன். 37 பாகை, காபனீரொட்சைட்டு 5 சதவீதம்.

அடி வளைந்த குழித் தட்டு எடுங்கள். கலமும் மணியும் நடுவில் கூடி ஒன்றையொன்று தொடும். போட்டபின் முதல் இரண்டு நாள் கை வைக்கக்கூடாது. இரண்டாம் நாள் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் திராட்சைக் குலை மாதிரிக் கொத்துகள் தெரியும், கொத்துக்குள் கபில மணிகள் புள்ளியாக மினுங்கும். தனித்தனிக் கலங்கள் 10 முதல் 12 மைக்ரோமீற்றருக்குப் பெருத்து, ஒரு பக்கம் இழுபட்டு நிற்கும். இந்தக் கொத்துகளைக் கண்டு பயந்து அப்போதே கலைத்துவிடுகிறார்கள் சிலர். மணியும் கலமும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம்தான் தூண்டல், அதைக் கலைத்தால் பெருக்கம் குறையும்.

முதற் பிரிவு வர ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். அதன் பிறகு நாளுக்கு ஒருமுறை அல்லது அதற்கும் கூடுதலாகப் பிரியும். மூன்றாம் நாளில் இருந்து எண்ணத் தொடங்குங்கள். மில்லிலீற்றருக்கு 2.5 மில்லியனைத் தாண்டினாலோ ஊடகம் மஞ்சளுக்கு மாறினாலோ புதிய ஊடகமும் ஐஎல்-2ம் விட்டு 0.5 முதல் 1 மில்லியனுக்கு இறக்க வேண்டும். மஞ்சள் என்றால் லக்ரிக் அமிலம் சேர்ந்துவிட்டது. மஞ்சளான ஊடகத்தில் வெள்ளி பின்னேரம் விட்டுவிட்டுத் திங்கள் காலை வந்தால் இறந்த கலத்தைத்தான் எண்ணலாம். எனவே மணி போடும் நாளைத் திங்களாக வைத்துக்கொண்டால், அடிக்கடி பிரிக்க வேண்டிய மூன்றாம், நான்காம் நாட்கள் வேலை நாளில் விழும்.

ஏழாம் நாள் தாண்டியபின் கலங்கள் சிறுக்கத் தொடங்கும், பெருக்கமும் தளரும். மறுபடி மணி போட்டு எழுப்பலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் விலை உண்டு: பிடி-1 போன்ற தடை வாங்கிகள் ஏறும், பாஸ் என்ற சாவு வாங்கி வழியாகக் கலங்கள் ஒன்றையொன்று சாகவைக்கும், மிஞ்சுபவை களைத்துப்போனவை. மணி கூடினால் பெருக்கமும் கூடும் என்று ஒரு கலத்துக்கு மூன்று மணி, ஐந்து மணி என ஏற்றுவதும் இந்தக் கதைதான். ஆய்வுகூட வேலைக்கு ஒன்றுக்கு ஒன்றே நல்லது. அதிலும் குறைத்துப் பார்க்கலாம், கூட்டுவதற்குக் காரணம் வேண்டும்.

எண்ணும்போது ஒரு சங்கடம். 4.5 மைக்ரோமீற்றர் மணி, தானியங்கி எண்ணிக்குச் சின்னக் கலமாகத் தெரியும், உயிருள்ள கலம் என்றே கணக்கில் ஏற்றிவிடும். ஒரு கலத்துக்கு ஒரு மணி போட்ட முதல் நாட்களில் உங்கள் எண்ணிக்கை இரண்டு மடங்காகக் கூடத் தோன்றலாம். கலம் எண்ணும் நியூபவர் தட்டில், இறந்த கலத்தைக் காட்டும் திரிப்பன் நீலம் போட்டுக் கண்ணால் எண்ணுவதே பத்திரம். மணி கடும் கபிலமாக, விளிம்பு வெட்டியதுபோல் நிற்கும், கலம் அப்படி இராது.

நிறுத்துவது

வேண்டிய நாளில் மேலும் கீழும் நன்றாக உறிஞ்சிக் கொத்துகளை உடைத்து, குழாயைக் காந்தத்தில் ஓரிரு நிமிடம் வைத்து, கலமுள்ள நீரை வேறு குழாய்க்கு மாற்ற வேண்டும். ஒருமுறை போதாது, இரண்டாம் முறையும் செய்யுங்கள். மிச்சம் இருக்கும் மணியோடு, கலங்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் புளோ சைற்றோமீற்றருக்குப் போனால் மணி தானே ஒளிரும், பக்கச் சிதறலும் கூடும், வரைபடத்தில் இல்லாத கலக்கூட்டம் ஒன்று தோன்றும். இன்னொன்று: தூண்டப்பட்ட கலம் தன் சிடி3ஐ உள்ளே இழுத்துக்கொள்ளும். மணி எடுத்த அன்றே சிடி3க்குச் சாயம் போட்டு ‘ரி கலம் குறைந்துவிட்டது’ என்று எழுதிவிடாதீர்கள். மணி இல்லாமல் குறைந்த ஐஎல்-2இல் ஓரிரு நாள் ஓய்வு கொடுத்தால் சிடி3 திரும்ப வரும்.

பிஎச்ஏயில் இந்த வேலையே முடியாது. சிவப்பு அவரை விதையிலிருந்து எடுக்கும் அந்த லெக்ரின், கலத்தின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளை ஒட்டிப் பிடிக்கும். கழுவினாலும் முழுக்கப் போகாது. 1960இல் பீற்றர் நோவல், செங்குழியத்தைத் திரட்டி விலக்கத்தான் பிஎச்ஏயைப் போட்டார், வெண்குழியம் பிரிவதைக் கண்டு அதுவே காரணம் என்று காட்டினார். அன்றிலிருந்து நிறமூர்த்தப் பரிசோதனை அதில்தான் ஓடுகிறது. 1976இல் மோர்கன், றஸ்செற்றி, கலோ ஆகியோர் ரி கலங்களை நீண்ட நாள் வளர்க்கும் காரணியை, பின்னாளில் ஐஎல்-2 எனப் பெயர் பெற்றதை, கண்டதும் பிஎச்ஏயால் தூண்டிய கலங்கள் விட்ட நீரில்தான். காசநோய்க்கான குவான்ரிபெரோன் சோதனையில் நேர்க் கட்டுப்பாட்டுக் குழாயில் இருப்பதும் பிஎச்ஏயே. பழையது என்று ஒதுக்க ஒன்றும் இல்லை.

நிறமூர்த்தம் பார்க்க மட்டும் இந்த மணியை வாங்குவது காசைக் களப்பில் கொட்டுவது. ஹெப்பரின் குருதி கொஞ்சம், பிஎச்ஏ, ஊடகம், மூடிய குழாய், 72 மணித்தியாலம், கடைசியில் பிரிவை நடுவில் நிறுத்தும் கொல்செமிட். காபனீரொட்சைட்டு அடைகாப்பி கூடத் தேவையில்லை. ஈடிடிஏ குழாயில் எடுத்த குருதியை அதற்குப் போடாதீர்கள், ஈடிடிஏ கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கல்சியம் இல்லாமல் தூண்டல் இல்லை.

வெக்கையும் கரண்டும்

பெட்டியில் வரும் கையேடு 20 பாகை அறையில் வேலை செய்கிறவருக்காக எழுதப்பட்டது. இங்கே கச்சான் வீசும் மாதங்களில் ஏசி இல்லாத அறை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அது மூன்று இடங்களில் அடிக்கும்.

முதலாவது, மணி போடும் முன்பே. ஒற்றைக்கருக் கலம் பிரிக்கும் பைகோல் கரைசலின் அடர்த்தி 1.077 என்பது 20 பாகையில். அறை 33 பாகை என்றால் கரைசல் இலேசாகிவிடும், நிணநீர்க்குழியங்களில் ஒரு பகுதி இடைப்படையில் நிற்காமல் கீழே இறங்கிவிடும். மில்லிலீற்றர் குருதிக்கு 1 முதல் 2 மில்லியன் கலம் கிடைக்க வேண்டிய இடத்தில் பாதி கூடக் கிடைக்காமல் போகலாம். பிரிஜில் இருந்து எடுத்த கையோடு கரைசலை ஊற்றினால் நேர் எதிர்: அடர்த்தி கூடி, இடைப்படையில் துகள்வெண்குழியமும் சேர்ந்து நிற்கும். மையநீக்கியில் குளிரூட்டல் இருந்தால் 20இல் வையுங்கள், இல்லையென்றால் ஏசி அறைக்குள் கரைசலையும் குருதியையும் ஒரு மணித்தியாலம் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். 400 ஜி, 30 நிமிடம், பிரேக் பூச்சியம்.

இரண்டாவது அடைகாப்பி. இது சூடாக்கும், குளிராக்காது. பெரும்பாலான மாதிரிகள் 37ஐப் பிடித்து வைக்க வெளியறை குறைந்தது 5 பாகை கீழே இருக்க வேண்டும். அறை 34 ஆனால் உள்ளே 38, 39 என்று ஏறும், காட்டும் திரை அதைச் சரியாகக் காட்டாமலும் போகலாம். ரி கலம் 30 பாகையில் சில மணித்தியாலம் மந்தமாகக் கிடந்து பிழைக்கும், ஆனால் 40ஐத் தொட்டு நின்றால் பிழைப்பது கடினம். ஆகவே கரண்ட் போனால் பயப்பட வேண்டியது குளிருக்கு அல்ல. கதவைத் திறக்காமல் விட்டால் சில மணித்தியாலம் தாங்கும். ஏசி நின்ற அறையில் ஜெனரேற்றரில் அடைகாப்பியை மட்டும் ஓடவிடுவதுதான் ஆபத்தான ஏற்பாடு. சுத்தமான வெப்பமானி ஒன்றை உள்ளே தண்ணீர்ப் போத்தலில் நிறுத்தி வையுங்கள், திரையை நம்ப வேண்டாம்.

காபனீரொட்சைட்டு உருளை முடிந்தால் ஊடகம் ஊதாவுக்கு மாறும், பெருக்கம் நிற்கும். மாற்று உருளை நிற்காத இடத்தில் அமிலநிலையைப் பிடித்து வைக்கும் ஹெப்பஸ் 25 மில்லிமோலர் சேர்த்த ஊடகம் ஓர் இரவைக் கடத்தித் தரும். மாரியில் வேறு தொல்லை: அடைகாப்பித் தண்ணீர்த் தட்டில் பூஞ்சணம். காய்ச்சி வடித்த தண்ணீரை வாரத்துக்கு ஒருமுறை மாற்றாத இடத்தில் எந்தத் தூண்டியும் உருப்படாது.

மூன்றாவது, போத்தல் வந்து சேருவது. மணியை 2 முதல் 8 பாகையில் வைக்க வேண்டும், உறையவே கூடாது. கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல், இரவு பஸ்ஸில் ஏழெட்டு மணித்தியாலம். சூடாகிவிடும் என்று பயந்து டீப் பிரீசரில் இருந்து எடுத்த ஜெல் பொதியை ரெஜிபோம் பெட்டியில் போத்தலோடு ஒட்டவைத்து அனுப்புகிறார்கள். அந்தப் பொதி மைனஸ் 20இல் இருந்து வருவது. முதல் ஒரு மணித்தியாலத்திலேயே 0.4 மில்லிலீற்றர் உறைந்துவிடும், இங்கே வந்து சேரும்போது திரும்ப உருகி, பார்வைக்கு நல்லதுபோலவே இருக்கும். அடையாளம்: எவ்வளவு கலக்கினாலும் அடியில் துகள் துகளாகக் கட்டி நிற்கும். கல்லடியில் மீன் பெட்டிக்குப் போடும் உடைத்த ஐஸ் இதற்கு ஜெல் பொதியை விட நல்லது. உருகிக்கொண்டிருக்கும் ஐஸ் பூச்சியத்துக்குக் கீழே போகாது. உப்புப் போட்ட ஐஸ் மட்டும் வேண்டாம், அது பூச்சியத்துக்குக் கீழே இறங்கும். போத்தலைக் கடதாசியில் சுற்றிப் பொலித்தீன் பையில் கட்டி நடுவில் வைத்தால் போதும்.

ஐஎல்-2 வேறு ரகம். தூளாக வரும், வழியில் சூடு பட்டாலும் சமாளிக்கும். கரைத்தபின்தான் கவனம். சிறு சிறு பங்காக உறையவைத்து, உருக்கியதைத் திரும்ப உறையவைக்காமல் பாவிக்க வேண்டும். புரதம் சேர்க்காத கரைசலில் ஐதாக வைத்தால் பிளாஸ்ரிக் சுவரில் ஒட்டிவிடும், 0.1 சதவீதம் பிஎஸ்ஏ சேருங்கள். ஒரு மில்லிகிராம் ஏறக்குறைய 10 மில்லியன் அலகு என்ற கணக்கில் 10 மைக்ரோகிராம்ப் போத்தல் ஒன்று, மில்லிலீற்றருக்கு 30 அலகு வீதம், மூன்று லீற்றர் ஊடகத்துக்கு மேல் வரும். லேபலில் உள்ள செயற்திறனைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். பழைய கட்டுரைகளில் ‘அலகு’ என்று மட்டும் இருந்தால் எந்த அலகு என்று பாருங்கள். செற்றஸ் அலகு ஒன்று, சர்வதேச அலகு ஆறு.

மற்றவை

இம்யூனோகல்ட் என்ற பெயரில் வருவது மணியே இல்லாத, கரைந்த பிறபொருளெதிரிக் கூட்டு. மில்லிலீற்றருக்கு ஒரு மில்லியன் கலம் உள்ள தொங்கலில் 25 மைக்ரோலீற்றர் விட்டால் சரி. காந்தம் வேண்டாம், எண்ணும்போது குழப்பம் இல்லை. ஆனால் எடுத்துவிடவும் முடியாது, ஐதாக்கித்தான் குறைக்கலாம். ரான்ஸ்அக்ற் நனோ அளவில் உள்ள பல்பகுதியக் கூட்டு, நூற்றுக்கு ஒன்றாக ஐதாக்கிப் போடுவது, கழுவி விலக்கலாம். காந்தம் வாங்க வழியில்லாத ஆய்வுகூடத்துக்கு இம்யூனோகல்ட் பொருந்தும்.

கைக்காசில் செய்ய வேண்டுமென்றால் தட்டில் பூசும் முறை இன்னும் இருக்கிறது. ஓகேடி3 என்ற சிடி3 பிறபொருளெதிரியை மில்லிலீற்றருக்கு 1 முதல் 10 மைக்ரோகிராம் வரை பிபிஎஸ்ஸில் கரைத்து இரவு முழுக்க 4 பாகையில் குழியில் வைத்து, கழுவி, கலத்தோடு சிடி28 பிறபொருளெதிரியை 1 அல்லது 2 மைக்ரோகிராம் விட வேண்டும். பூசாமல் கரைசலாகவே ஓகேடி3ஐ விட்டால் தூய ரி கலம் அசையாது, இழுத்துப் பிடிக்க ஒரு மேற்பரப்பு வேண்டும். ஒற்றைக்கருக் கலக்கூட்டத்தில் பிறபொருளெதிரியின் அடிப்பகுதியைப் பிடிக்கும் மொனோசைட்டின் எப்சி வாங்கி அந்த வேலையைச் செய்துவிடும். பிரச்சினை, குழிக்குக் குழி பூச்சு மாறும், இந்த வாரத் தட்டும் அடுத்த வாரத் தட்டும் ஒன்றாக இரா.

பிஎம்ஏ, அயனோமைசின் என்ற இரசாயனச் சோடி, கலத்தின் வாங்கிகளை எல்லாம் தாண்டி உள்ளே நேராக அடிப்பது. கலம் விடும் சைகைப் புரதங்களைப் பார்க்கும் நாலு முதல் ஆறு மணித்தியாலச் சைட்டோகைன் சோதனைக்கு அருமை. வளர்ப்புக்கு அல்ல.

யார் வாங்க வேண்டும்

கிழக்கில் இதற்குப் பொருத்தமான வேலை என்று பார்த்தால், மூலிகைச் சாறு நிர்ப்பீடனத்தைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று பார்க்கும் ஆய்வுகள்தான் முன்னுக்கு நிற்கின்றன. சீந்தில், ஆடாதோடை என்று ஆண்டுதோறும் யாராவது எடுப்பார்கள். இவற்றுக்குப் பிஎச்ஏ ஏன் ஆகாது என்றால், சாறில் உள்ள கிளைக்கோபுரதமும் பல்சக்கரைட்டும் பிஎச்ஏயையே பிடித்து வைத்துக்கொள்ளலாம். பெருக்கம் குறையும், மாணவர் ‘நிர்ப்பீடனத்தை அடக்குகிறது’ என்று எழுதுவார், கலத்துக்கு ஒன்றும் நடந்திராது. மணியில் இருப்பது பிறபொருளெதிரி, இந்தப் பொறியில் அவ்வளவு இலேசில் மாட்டாது. மறுபக்கம், தாவரச் சாறில் லெக்ரின் இருந்தால் மணி இல்லாமலே கலம் எழும்பும். ஆகவே சாறு மட்டும், மணி மட்டும், இரண்டும், இரண்டும் இல்லாதது என நாலு குழியும் வேண்டும். ஐந்தாவதாக மணியோடு சைக்ளோஸ்போரின் ஏ விட்ட குழி ஒன்று: அது கல்சினியூரினைத் தடுப்பதால் பெருக்கம் சரிய வேண்டும். சரியவில்லை என்றால் உங்கள் அளவீட்டில் கோளாறு.

அளவீடு என்றதும், உயிருள்ள கலம் ஊதாவாக்கும் சாயமான எம்ரிரி என்று ஓடாதீர்கள். சாறில் உள்ள பொலிபீனோல் கலம் இல்லாமலே எம்ரிரியை ஊதாவாக்கும். சிஎப்எஸ்ஈ சாயம் 1 முதல் 5 மைக்ரோமோலரில் ஏற்றி, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒளிர்வு பாதியாவதைப் புளோ சைற்றோமீற்றரில் பார்ப்பதே நேர்மையான கணக்கு. அந்த இயந்திரம் பக்கத்தில் இல்லாவிட்டால் மணியை எடுத்துவிட்டுக் கண்ணால் எண்ணிய எண்ணிக்கையை முன்வையுங்கள், எம்ரிரி வரைபடத்தை விட அது மேல்.

இது ஆய்வுக்கான பொருள், நோயாளிக்குத் திரும்ப ஏற்றும் கலத்துக்கு அல்ல. 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கிம்ரியா என்ற, நோயாளியின் ரி கலங்களை மரபணு மாற்றித் திரும்ப ஏற்றும் கார்-ரி சிகிச்சையில் இதே சோடி பூசிய மணிகள்தான் பாவிக்கப்படுகின்றன, ஆனால் அவை சிகிச்சைத் தரத்தில் தனியாகச் செய்யப்படுபவை, விலையும் கட்டுப்பாடும் வேறு. குருதி கொடுப்பவரின் சம்மதம், நெறிமுறைக் குழுவின் அனுமதி, இரண்டாம் நிலை உயிர்ப் பாதுகாப்புக் கூடு மூன்றும் இல்லாமல் போத்தலைத் திறக்கவே வேண்டாம்.

வாங்குவதானால் 0.4 மில்லிலீற்றர்ப் போத்தல், காந்தம், ஐஎல்-2 10 மைக்ரோகிராம், மூன்றையும் ஒரே விலைக்கோரலில் போடுங்கள். முகவரிடம் காலாவதித் திகதியை எழுத்தில் கேளுங்கள், ஆறு மாதத்துக்குக் குறைவாக மிச்சம் இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அனுப்ப விடாதீர்கள். பெட்டி வந்ததும் கையொப்பம் வைக்கும் முன் திறந்து, போத்தலைக் கலக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துகள் தெரிந்தால் அந்த இடத்திலேயே திருப்பி அனுப்புங்கள்.